இரவு ஏழுக்குப் பிறகு படுத்துவிடும் இணையம்: பிழை வீட்டிலா, வயரிலா, டவரிலா?

(திருகோணமலைப் பக்கத்து ஆட்களின் உரையாடல். ஒவ்வொரு பதிவின் தலையிலும் எழுதியவரின் ஊர்ப்பெயர் இருக்கிறது.)

அலஸ்தோட்டம் | நவம்பர் 3, இரவு 9.40

வீட்டில் 4ஜி ரவுட்டர். பகலில் செக்கனுக்கு 18, 20 மெகாபிட் வருகிறது. ஏழு மணி தாண்டினால் 1 அல்லது 2. பதினொன்றரைக்குப் பிறகு தானாகச் சரியாகிவிடும். சேவை நிலையத்துக்குக் கோல் எடுத்தால், ரவுட்டரை நிற்பாட்டிப் போடச் சொல்வதோடு சரி. மாதக் காசை மட்டும் முழுசாக எடுக்கிறார்கள். கூரையில் அன்ரனா பூட்டினால் சரிவருமா?

இன்னொரு கேள்வி. நாங்கள் என்ன பார்க்கிறோம் என்பது கம்பனிக்குத் தெரியுமா? விளம்பர எஸ்.எம்.எஸ் வருகிற விதத்தைப் பார்த்தால் தெரிகிற மாதிரித்தான் கிடக்கு.

உவர்மலை | நவம்பர் 3, இரவு 10.15

அன்ரனா வாங்க முதல் இரண்டு நாள் பொறுங்கள். முதலில் ரவுட்டரின் உள்பக்கத்தை, அதாவது அதன் செட்டிங்ஸ் பக்கத்தை, திறந்து பாருங்கள். பிரவுசரில் 192.168.1.1 அல்லது 192.168.8.1 என்று அடித்தால் வரும். முகவரியும் பாஸ்வேர்டும் ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும். அங்கே ஆர்.எஸ்.ஆர்.பி, எஸ்.ஐ.என்.ஆர் என்று இரண்டு எண்கள் உண்டு. முதலாவது டவரில் இருந்து வருகிற சிக்னலின் பலம். இரண்டாவது அந்த சிக்னல் மற்ற இரைச்சலுக்கு மேல் எவ்வளவு தெளிவாக நிற்கிறது என்பது. முன்பக்கத்தில் எரிகிற நாலு கோட்டை நம்பவே வேண்டாம், அது தெளிவைக் காட்டாது.

பின்னேரம் மூன்று மணி, இரவு எட்டரை, நடுச்சாமம் ஆகிய மூன்று நேரமும் இந்த இரண்டு எண்ணையும் வேகத்தையும் குறித்து வையுங்கள். வேகத்தைக் கணினியில் லான் வயர் போட்டுப் பாருங்கள். வைபையில் பார்த்தால் சுவரின் பிழையும் டவரின் பிழையும் ஒன்றாகக் கலந்துவிடும்.

ஆர்.எஸ்.ஆர்.பி −90க்கு மேலே (−85, −80 என்று) நின்றால் நல்லது, −110க்குக் கீழே போனால் மோசம். எஸ்.ஐ.என்.ஆர் 13க்கு மேல் என்றால் நல்லது, பூச்சியத்துக்குப் பக்கத்தில் என்றால் சரிவராது.

அலஸ்தோட்டம் | நவம்பர் 5, காலை 7.05

மூன்று மணி: −88, 14, 19 மெகாபிட்.
எட்டரை: −88, 3, 1.6 மெகாபிட்.
நடுச்சாமம்: −87, 13, 17 மெகாபிட்.

உவர்மலை | நவம்பர் 5, காலை 8.20

இதைத்தான் பார்க்க வேண்டியிருந்தது. சிக்னலின் பலம் இரவும் பகலும் அதே −88. அப்படியென்றால் உங்கள் ரவுட்டரில் பிழை இல்லை, வீடு டவருக்குத் தூரமும் இல்லை. இரவில் டவரில் ஆட்கள் நிறைகிறார்கள். ஒரு டவரின் ஒரு முகத்தில், அதாவது ஒரு திசையைப் பார்க்கிற பகுதியில், உள்ள கொள்ளளவு முழுவதும் அந்த நேரம் இணைந்திருக்கும் எல்லோருக்கும் பங்கு போகிறது. நிற்பாட்டிப் போட்டால் சிலவேளை பக்கத்து முகமோ பக்கத்து டவரோ பிடிபட்டு பத்து நிமிடம் நன்றாக இருக்கும். அதனால்தான் அந்த ஆலோசனை சரிவந்த மாதிரித் தெரிகிறது.

அன்ரனா இதற்கு உதவாது. காசைக் கொட்ட வேண்டாம்.

கிண்ணியா | நவம்பர் 5, பகல் 1.30

உவர்மலை அண்ணை சொன்னதில் கடைசி வரியை மட்டும் நான் ஏற்கவில்லை. எஸ்.ஐ.என்.ஆர் 14இல் இருந்து 3க்கு விழுந்திருக்கிறது. அது நெரிசல் மட்டும் இல்லை. சுற்றியுள்ள டவர்களும் இரவில் முழுப் பலத்தோடு வேலை செய்வதால் ஒன்றின் மேல் ஒன்று இரைச்சலாக விழுகிறது. ஒரு திசையை மட்டும் பார்க்கிற அன்ரனா அந்த மற்ற டவர்களை வெட்டிவிடும். எஸ்.ஐ.என்.ஆர் 3இல் இருந்து 9, 10க்கு ஏறினால் உங்களுக்குக் கிடைக்கிற பங்கு அதேதான், ஆனால் அந்தப் பங்குக்குள் ஏற்றக்கூடிய தரவு கூடும்.

ஆனால் வயரில்தான் எல்லோரும் ஏமாறுகிறார்கள். கடையில் தருகிற மெல்லிய ஆர்.ஜி.58 வயர் 2300 மெகாஹேட்சில் மீற்றருக்கு ஏறத்தாழ 1 டெசிபெல் (சிக்னலின் பலத்தை அளக்கிற அலகு) தின்னும். 10 மீற்றர் இழுத்தால் 10 டெசிபெல் போச்சு, அன்ரனா சேர்த்துத் தந்தது முழுக்க வயரிலேயே முடிந்துவிடும். அதனால் வயர் 2 மீற்றருக்குள் இருக்க வேண்டும். ரவுட்டரையே மேல்மாடியில், ஜன்னலோரம் வைத்துவிட்டு, கீழே லான் வயரை இழுங்கள். லான் வயர் 100 மீற்றர் வரைக்கும் ஒரு நட்டமும் இல்லாமல் போகும். அன்ரனாவுக்கு இரண்டு வயர் வரும், இரண்டையும் பூட்ட வேண்டும். ஒன்றை மட்டும் பூட்டினால் பாதி வேகம் அந்த இடத்திலேயே போய்விடும்.

கடற்கரைப் பக்கம் என்றால் இன்னொன்று. வெளியே வயர் இணைகிற ஒவ்வொரு பூட்டிலும் தன்னோடு தானே ஒட்டுகிற ரப்பர் டேப்பை இழுத்துச் சுற்றி, அதற்கு மேல் சாதாரணக் கறுப்பு டேப் போடுங்கள். வாடைக்காற்று காலத்தில் உப்பும் ஈரமும் சேர்ந்து போனால் பித்தளை பச்சையாகிவிடும். வயரை வீட்டுக்குள் எடுக்கும் இடத்துக்கு முன்னால் கீழ்நோக்கி ஒரு வளைவு விடுங்கள், மழைத்தண்ணீர் அதில் சொட்டி விழும்.

உவர்மலை | நவம்பர் 5, பின்னேரம் 6.45

கிண்ணியா நானா சொல்வது சரி. அன்ரனா உதவாது என்று நான் முழுசாக எழுதியது பிழை. திருத்திக்கொள்கிறேன்: பலம் குறைவதுதான் பிரச்சினை என்றால் அன்ரனா உதவும், தெளிவு குறைந்தாலும் உதவும். இரண்டும் நன்றாக இருந்தும் வேகம் விழுந்தால் மட்டும்தான் உதவாது.

ஆனால் அதற்கு முதல் செலவில்லாத வழி ஒன்று இருக்கிறது. ரவுட்டர் தானாகத் தெரிவுசெய்கிற அலைவரிசையை விட்டுவிட்டு வேறொன்றில் பூட்டி வைக்கலாம். 900 மெகாஹேட்ஸ் போன்ற தாழ்ந்த அலைவரிசை தூரம் போகும், சுவரையும் மரத்தையும் தாண்டும். பலமாகத் தெரிவதால் ரவுட்டர்களும் போன்களும் அதைத்தான் ஓடிப் பிடிக்கும், ஆனால் அது ஒடுக்கமான பாதை. 1800, 2300 அகலமானவை, ஆனால் மேட்டையும் கட்டடத்தையும் தாண்டக் கஷ்டப்படும். எங்கள் மேட்டின் ஒரு சரிவில் 2300 அருமையாக வரும், மறுசரிவில் இறங்கினால் இல்லவே இல்லை. ரவுட்டரின் உள்பக்கத்தில் அலைவரிசைத் தெரிவு இருந்தால் ஒவ்வொன்றாகப் பூட்டி, எட்டரை மணிக்கு அளந்து பாருங்கள். பகலில் அளந்து முடிவெடுக்க வேண்டாம்.

பாலையூற்று | நவம்பர் 6, இரவு 8.10

4ஜி பற்றி மட்டும் கதைக்கிறீர்கள். பழைய செப்பு வயர் லைன் வைத்திருக்கிறவர்களுக்கு: மழைக்கு லைன் விழுந்தால் ரவுட்டரை மாற்ற முதல் அதன் உள்பக்கத்தில் இரைச்சல் இடைவெளியை (லைனின் சிக்னல் இரைச்சலுக்கு மேல் எவ்வளவு விலகி நிற்கிறது என்பதை) பாருங்கள். 6 டெசிபெலுக்குக் கீழே போனால் லைன் அறுந்து அறுந்து வரும். லைன் தேய்மானம் (வயரில் சிக்னல் குறைகிற அளவு) 50 டெசிபெலுக்கு மேல் என்றால் தூரம்தான் காரணம், எந்த ரவுட்டரும் சில மெகாபிட்டுக்கு மேல் தராது. மழைக்கு மட்டும் இடைவெளி விழுகிறது என்றால் வெளியே ஒரு மூட்டில் தண்ணீர் போகிறது. போனைக் காதில் வைத்துப் பாருங்கள், கரகரவென்று கேட்கும். முறைப்பாட்டில் "இணையம் மெதுவு" என்று எழுதாமல் "லைனில் கரகர சத்தம், மழைக்குக் கூடுகிறது" என்று எழுதினால் வயர் பார்க்கிற ஆள் வருவார். இல்லாவிட்டால் ரவுட்டர் பார்க்கிற ஆள்தான் வருவார்.

வீட்டில் எத்தனை போன் சொக்கற் இருக்கிறதோ அத்தனைக்கும் பில்டர் (போன் சத்தத்தையும் இணையத்தையும் பிரிக்கிற சின்னப் பெட்டி) வேண்டும். ஒன்றில் விட்டாலும் முழு லைனும் கெடும்.

இப்ப மின்னல் காலம். செப்பு லைன் என்றால் கரண்டையும் போன் வயரையும் இரண்டையும் கழற்ற வேண்டும். கரண்டை மட்டும் கழற்றிவிட்டு ரவுட்டரைப் பறிகொடுத்த வீடுகள் நிறைய.

நிலாவெளி | நவம்பர் 6, இரவு 10.50

விருந்தினர் விடுதி வைத்திருக்கிறவர்களுக்காக எழுதுகிறேன், எங்கள் பக்கம் வேறொரு பிரச்சினை. பைபர் (ஒளியில் தரவு கொண்டுவருகிற வயர்) வந்திருக்கிறது, வேகமும் நல்லது. ஆனால் சிசிடிவியை வெளியில் இருந்து பார்க்க முடிவதில்லை. ரவுட்டரில் போர்ட் (வெளியில் இருந்து உள்ளே வருகிற வழி) திறந்தாலும் வேலை செய்யாது. கமரா பூட்டியவர் ரவுட்டர் பிழை என்கிறார், கம்பனி கமரா பிழை என்கிறது.

அத்தோடு கமரா ஒன்று 2 மெகாபிட்டில் கிளவுட்டுக்கு ஏற்றினால் நாளைக்கு 172 ஜிபி போகுமாம். உண்மையா?

உவர்மலை | நவம்பர் 7, காலை 6.30

172 இல்லை. யாரோ மெகாபிட்டை மெகாபைட்டாக எடுத்துக் கணக்குப் போட்டிருக்கிறார்கள். எட்டு பிட் சேர்ந்ததுதான் ஒரு பைட். 2 மெகாபிட் என்பது எட்டால் பிரித்தால் செக்கனுக்கு 0.25 மெகாபைட், மணிக்கு 900 எம்பி, நாளைக்கு 21.6 ஜிபி. நாலு கமரா இடைவிடாமல் ஏற்றினால் நாளைக்கு 86 ஜிபி. அளவிட்ட பக்கேஜ் கிழமைக்குள் முடிந்துவிடும். அசைவு தெரிந்தால் மட்டும் ஏற்றுகிற மாதிரி மாற்றுங்கள், மிச்சத்தைப் பதிவுப் பெட்டியின் ஹார்ட் டிஸ்கில் விடுங்கள்.

இதே எட்டால் பிரிக்கிற கணக்குத்தான் "21 மெகாபிட் என்றார்கள், இறக்கும்போது 2.6தான் காட்டுகிறது" என்ற சண்டைக்கும் காரணம். 2.6 மெகாபைட் என்றால் 21 மெகாபிட் முழுசாக வருகிறது. அங்கே ஏமாற்று இல்லை.

வெளியில் இருந்து பார்க்க முடியாததற்குக் காரணம் கமராவும் இல்லை, ரவுட்டரும் இல்லை. உள்பக்கத்தில் இணைய முகவரியைப் பாருங்கள். 100.64 தொடக்கம் 100.127 வரையான எண்ணில் ஆரம்பித்தாலோ, 10 என்று ஆரம்பித்தாலோ, உங்களுக்கென்று தனி வெளிமுகவரி இல்லை. கம்பனி ஒரே முகவரிக்குப் பின்னால் பல வீடுகளை வைத்திருக்கிறது. உலகில் அந்தப் பழைய வகை முகவரிகள் தீர்ந்துபோனதால் வந்த ஏற்பாடு இது. வெளியே போகிற கோரிக்கை போகும், வெளியில் இருந்து வருகிற கோரிக்கை எந்த வீட்டுக்கு என்று தெரியாது. பொது முகவரி கேட்டு எழுதிக் கொடுங்கள், மேலதிகக் கட்டணம் இருக்கும். இல்லாவிட்டால் கமரா செய்தவரின் அப் வழியாகப் பார்க்கலாம், ஆனால் உங்கள் முற்றத்துப் படம் அவருடைய சேர்வரைத் தொட்டுத்தான் வரும். பாஸ்வேர்டை மாற்றாமல் விட்ட கமரா திறந்த ஜன்னலுக்குச் சமம்.

கிண்ணியா | நவம்பர் 7, காலை 11.00

நிலாவெளித் தம்பிக்கு பைபர் பற்றி இரண்டு விஷயம். பெட்டியில் எல்.ஓ.எஸ் (LOS) என்ற விளக்கு சிவப்பாக எரிந்தால் ஒளியே வரவில்லை. வெளியே வயர் அறுந்திருக்கிறது அல்லது எங்கேயோ மடங்கியிருக்கிறது. சிவப்பு இல்லாமல் பி.ஓ.என் (PON) என்ற விளக்கு மட்டும் மின்னிக்கொண்டே நின்றால் ஒளி வருகிறது, கம்பனிப் பக்கத்தோடு பதிவு முடியவில்லை. அது வயர் வேலையாக இல்லாமல் கணக்கு வேலையாகவும் இருக்கலாம். உள்பக்கத்தில் ஒளிப்பலம் −8க்கும் −27க்கும் இடையில் நிற்க வேண்டும். −27க்குக் கிட்டே போனால் வயர் மடிப்பையும் பச்சை நிற இணைப்பு முனையையும் பாருங்கள். 3 சென்ரிமீற்றர் ஆரைக்கும் இறுக்கமாக வளைக்க வேண்டாம். ஆணி அடித்து வயரை மடக்கி வைப்பதுதான் இங்கே அதிகம் நடக்கிற பிழை. அந்தப் பச்சை முனையை விரலால் துடைக்க வேண்டாம், விரல் எண்ணெய் ஒளியை மறைக்கும். கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்க்கவும் வேண்டாம். அந்த ஒளி கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கண்ணைத் தாக்கும்.

விருந்தினருக்கு வைபை கொடுப்பதென்றால் விருந்தினர் வலையமைப்பைத் தனியாகத் திறந்து, ஒருவர் மற்றவரின் கருவியைப் பார்க்காதபடி பிரிப்பையும் போடுங்கள். கமராவும் வரவேற்பு மேசைக் கணினியும் அதில் இருக்கக் கூடாது.

அலஸ்தோட்டம் | நவம்பர் 8, இரவு 9.00

1800இல் பூட்டினேன். இரவு எட்டரைக்கு −96, 9, வேகம் 6.5. பலம் குறைந்து வேகம் கூடியிருக்கிறது. பாடம் படிக்க, வீடியோ பார்க்கக் காணும்.

முறைப்பாடு எப்படி எழுதுவது? இரண்டாவது கேள்விக்கும் ஒருவரும் பதில் சொல்லவில்லை.

உவர்மலை | நவம்பர் 8, இரவு 10.30

முறைப்பாடு: கோல் எடுத்தால் கட்டாயம் முறைப்பாட்டு இலக்கத்தைக் கேட்டு எழுதுங்கள். இலக்கம் இல்லாத கோல், எடுக்காத கோலுக்குச் சமம். அதோடு மின்னஞ்சலிலும் எழுதுங்கள். ஏழு நாள், நாளைக்கு மூன்று அளவு: திகதி, நேரம், ஆர்.எஸ்.ஆர்.பி, எஸ்.ஐ.என்.ஆர், வேகம், எந்த டவர் முகம் (உள்பக்கத்தில் செல் இலக்கம் என்று இருக்கும்). "லான் வயரில் அளந்தது, வேறு கருவி இணைக்கப்படவில்லை" என்று ஒரு வரி சேருங்கள். அந்த ஒரு வரி "வைபை பிரச்சினை" என்ற பதிலை அடைத்துவிடும். செல் இலக்கம் போட்டால் கடிதம் சேவை நிலையத்தைத் தாண்டி வலையமைப்புப் பகுதிக்குப் போக வழி உண்டு. பதில் வராவிட்டால் அதே கோவையோடு இலங்கைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவுக்கு அனுப்பலாம். 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்தது அது. முதலில் கம்பனிக்கு எழுதிய ஆதாரம் இல்லாமல் அங்கே போனால் திரும்பவும் கம்பனிக்குத்தான் அனுப்புவார்கள்.

உங்களைப் போல் அதே முகத்தில் மாட்டிய அயல் வீடுகளும் தனித்தனியாக எழுதினால் பலன் கூடும். ஒரு வீட்டுக் கடிதம் என்றால் அந்த வீட்டின் பிரச்சினை. பத்து வீட்டுக் கடிதம் என்றால் டவரின் பிரச்சினை.

இரண்டாவது கேள்வி. கம்பனிக்குத் தெரிவதும் தெரியாததும்: நீங்கள் திறக்கிற தளத்தின் பெயர் தெரியும், எந்த நேரம், எவ்வளவு தரவு என்பது தெரியும், எந்த டவரடியில் நிற்கிறீர்கள் என்பது தெரியும். பூட்டுப் போட்ட (முகவரி https என்று ஆரம்பிக்கிற) தளத்துக்குள் எந்தப் பக்கம் படித்தீர்கள், என்ன எழுதினீர்கள் என்பது தெரியாது. வட்ஸ்அப் செய்தியின் உள்ளடக்கமும் தெரியாது. விளம்பர எஸ்.எம்.எஸ்சுக்கு நீங்கள் பார்த்த தளம் தேவையே இல்லை. வயது, இடம், மாதம் எவ்வளவு ரீலோட் போடுகிறீர்கள் என்பதெல்லாம் ஏற்கெனவே அவர்களிடம் உண்டு.

தளப் பெயருக்குரிய எண் முகவரியைத் தேடுவதையாவது மறைக்கலாம், அந்தத் தேடலின் பெயர்தான் டி.என்.எஸ். அன்ட்ரோய்ட் 9 அல்லது அதற்குப் பிந்திய போனில் நெற்வேர்க் செட்டிங்ஸுக்குள் பிரைவேற் டி.என்.எஸ் என்று இருக்கும். அதில் "ஒன்" என்ற ஆங்கிலச் சொல்லை நாலு தரம், இடையில் புள்ளியிட்டு எழுதிச் சேமியுங்கள். 1.1.1.1 என்று எண்ணாக எழுதினால் அந்த இடம் ஏற்காது. ரவுட்டரில் 1.1.1.1 அல்லது 9.9.9.9 (இரண்டும் வெளி டி.என்.எஸ் சேவைகளின் முகவரிகள்) போடலாம், ஆனால் ரவுட்டரில் போடுவது பூட்டில்லாமல்தான் போகும், கம்பனி வாசிக்கலாம்.

பாலையூற்று | நவம்பர் 9, காலை 9.15

அண்ணை, பிரைவேற் டி.என்.எஸ் போட்டாலும் தளத்தின் பெயர் இணைப்பு ஆரம்பிக்கும்போது வெளியே தெரியும். முழுசாக மறையும் என்று ஆட்கள் நினைக்கக் கூடாது.

முழுசாக மறைக்க வி.பி.என் (எல்லாத் தரவையும் பூட்டி வேறொருவரின் சேர்வர் வழியாக அனுப்புகிற அப்) போடுகிறவர்கள் இரண்டு விஷயம் யோசியுங்கள். கம்பனிக்குத் தெரிந்ததெல்லாம் இப்ப வி.பி.என்காரருக்குத் தெரியும். இலவசமாகத் தருகிறவருக்கு அந்தச் செலவு எங்கேயிருந்து வருகிறது என்று கேளுங்கள். 2018 மார்ச்சிலும் 2019 ஏப்ரலிலும் 2022 ஏப்ரல் 3ஆம் திகதியும் சமூக ஊடகங்களை நிறுத்தியபோது அவசரத்துக்கு இறக்கிய இலவச வி.பி.என் இன்னும் பல போன்களில் கிடக்கிறது. அதை அழியுங்கள். மற்றது, சமூக ஊடகத்துக்கென்று தனி டேட்டா வாங்கியவர்கள் வி.பி.என் போட்டால் கம்பனியால் அதை அடையாளம் காண முடியாது, பொது டேட்டாவில்தான் வெட்டும். "டேட்டாவைக் களவெடுக்கிறார்கள்" என்ற முறைப்பாடுகளில் சிலதுக்குக் காரணம் இது.

உவர்மலை | நவம்பர் 9, காலை 9.40

சரி. "தேடுவதையாவது" என்று அதனால்தான் எழுதினேன், ஆனால் விளக்கியிருக்க வேண்டும்.

நிலாவெளி | நவம்பர் 9, பகல் 12.20

2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் வந்துவிட்டதே, எங்கள் தரவை விற்றால் அதில் வழக்குப் போடலாம் அல்லவா?

கிண்ணியா | நவம்பர் 9, பகல் 2.00

இரண்டு 9 இருப்பதால் எல்லோருக்கும் குழம்புகிறது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கம்தான் தனிப்பட்ட தரவுகளைப் பாதுகாக்கும் சட்டம். 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கம் நிகழ்நிலைக் காப்புச் சட்டம்; அது இணையத்தில் எழுதுவதைக் கட்டுப்படுத்துவது பற்றியது, உங்கள் தரவைக் காப்பது பற்றியது இல்லை. 2022 சட்டத்தில் உங்களைப் பற்றி வைத்திருப்பதைக் கேட்டுப் பார்க்கவும், பிழையைத் திருத்தவும், கொடுத்த சம்மதத்தைத் திரும்ப எடுக்கவும் உரிமை எழுதப்பட்டிருக்கிறது. கேட்காத விளம்பரச் செய்திக்கும் தனிப் பகுதி உண்டு. ஆனால் எல்லாப் பகுதியும் ஒரே நாளில் நடைமுறைக்கு வரும்படி எழுதப்பட்டதல்ல, ஆகவே கடிதம் எழுத முதல் அந்தப் பகுதி நடைமுறையில் இருக்கிறதா என்று பாருங்கள்.

சட்டத்துக்கு முதல் எங்கள் கையில் இருக்கிற விஷயம் ஒன்று. சிம் எடுக்க, ரவுட்டர் எடுக்க அடையாள அட்டைப் போட்டோக்கொப்பி கொடுக்கிறோம். கடையில் அது எந்த லாச்சிக்குள் போகிறது என்று யாரும் கேட்பதில்லை. கொப்பியின் மேல், இலக்கத்தை மறைக்காமல், குறுக்காக இரண்டு கோடு போட்டு "புதிய சிம் ஒன்றுக்கு மட்டும்" என்று எழுதித் திகதியும் போடுங்கள். போட்டோக்கொப்பிக் கடையில் பிழைத்துப்போன பிரதியை விட்டுவிட்டு வராதீர்கள். எங்கள் இலக்கத்திலேயே பிறந்த ஆண்டும், அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பதும் இருக்கிறது. பெண்கள் என்றால் அந்த நாளோடு 500 கூட்டியிருக்கும். பிறந்த திகதியைப் பின் (PIN) இலக்கமாக வைத்திருப்பவர் அட்டைக் கொப்பியோடு பின் இலக்கத்தையும் சேர்த்துக் கொடுக்கிறார். வட்ஸ்அப்பில் ஒருவருக்கும் அட்டைப் படம் அனுப்ப வேண்டாம். அனுப்பத்தான் வேண்டுமென்றால் அதே கோடும் எழுத்தும் போட்ட கொப்பியின் படத்தை அனுப்புங்கள்.

பாலையூற்று | நவம்பர் 9, இரவு 9.30

வட்ஸ்அப்பில் இரட்டைச் சரிபார்ப்பு, ஆறு இலக்கப் பின், இன்றே போடுங்கள். சிம்முக்கும் பின் போடலாம்: மூன்று தரம் பிழைத்தால் பூட்டிக்கொள்ளும், பிறகு அதைத் திறக்கிற பக் (PUK) இலக்கம் கேட்கும், அதைப் பத்துத் தரம் பிழைத்தால் சிம் செத்துவிடும். சிம்மோடு வந்த பிளாஸ்டிக் அட்டையை எறியாதீர்கள், பக் இலக்கம் அதில்தான் இருக்கிறது.

அலஸ்தோட்டம் | நவம்பர் 16, இரவு 8.50

ஏழு நாள் அளவும் முடிந்தது. இருபத்தொரு வரி. செல் இலக்கம் இரண்டு தரம் மாறியிருக்கிறது, இரண்டும் இரவு ஒன்பது மணிக்கு. நாலு அயல் வீட்டுக்காரரும் அளந்து தருகிறார்கள், ஒருவர் வேறு கம்பனி. அவரையும் சேர்க்கலாமா?

உவர்மலை | நவம்பர் 16, இரவு 9.25

அவருடையது வேறு கடிதம், அவருடைய கம்பனிக்குப் போக வேண்டும். உங்கள் கோவைக்குள் போட்டால் அதையே பிடித்துக்கொண்டு மிச்சத்தைத் தள்ளிவிடுவார்கள். செல் மாறிய இரண்டு இரவையும் அடிக்கோடிடுங்கள். 1800இல் பூட்டியதற்கு முந்திய அளவையும் பிந்திய அளவையும் ஒரே அட்டவணையில் கலக்க வேண்டாம்.